அம்பாசடரில் எலக்ட்ரிக் ஃபேன்: சுவிட்சில் நேராக லைன் கொடுத்தால் போதாதா?

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்), ஏப்ரல் 18, 2023

1986 அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல். சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகிறது. புதுப்பேட்டையில் மாருதி 800 ஃபேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் எலக்ட்ரீஷியன், "ரிலே எல்லாம் தேவையில்லை, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து நேராக லைன் இழுத்துவிடலாம்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

ஏப்ரல் 18, இரவு

வேண்டாம். ரிலே போடுங்கள்.

நான் கோவையில் பம்ப்செட் மோட்டார் வைண்டிங் பார்க்கிறவன். என்னிடமும் மார்க் 4 தான் இருக்கிறது, டாக்ஸியாக ஓடிக் களைத்துப்போன வண்டி. கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் எதற்கு வைக்கிறோம்? பச்சை பட்டனுக்குள் மோட்டார் கரண்ட் போவதில்லை, ஸ்டார்ட்டரில் இருக்கும் காயிலுக்கு மட்டும்தான் கொஞ்சம் போகிறது. ரிலே அதே வேலையைத்தான் செய்கிறது.

அந்த அளவு ஃபேன் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ரேடியோ கடையில் கிடைக்கும் சின்ன சுவிட்ச் அதைச் சில மாதம் தாங்கலாம். அப்புறம் உள்ளே பாயின்ட் கருகும், கருகியது சூடாகும், சூட்டில் பிளாஸ்டிக் இளகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

ஏப்ரல் 18, கொஞ்ச நேரம் கழித்து

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சிக்னலில் மட்டும்தான் ஏறுகிறதா, ஓடும்போதும் ஏறுகிறதா?

நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அதற்கு ஃபேன் மருந்து. பெருந்துறை பைபாஸில் எழுபதில் போகும்போது ஏறுகிறது என்றால் எந்த ஃபேன் போட்டாலும் இறங்காது. அந்த வேகத்தில் முன் கிரில் வழியாக வரும் காற்றே தாராளம். கோளாறு ரேடியேட்டர் கோர் அடைப்பிலோ, வாட்டர் பம்ப்பிலோ, டைமிங்கிலோ இருக்கும். ரேடியேட்டர் கடையில் மேல் டேங்க்கைக் கழற்றி ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுத்துத் தருவார்கள். பல வண்டிகளில் ஃபேனுக்கு ஆகும் செலவை அங்கே கொடுத்திருந்தாலே விஷயம் முடிந்திருக்கும்.

ஏப்ரல் 19, காலை

நிற்கும்போது மட்டும் என்று ஈரோட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்படியானால் வயரிங்குக்கு வருவோம்.

சாதாரண நாலு கால் ரிலே போதும். கால்களில் எண் அச்சிட்டிருக்கும், எந்த கம்பெனி ரிலே ஆனாலும் எண்ணுக்கு அர்த்தம் ஒன்றுதான்.

30 என்ற கால் பேட்டரி பாசிடிவ்வுக்கு, நடுவில் ஒரு ஃப்யூஸ். 87 ஃபேனுக்கு. 86 சாவி போட்டால் உயிர் வரும் லைனுக்கு. 85 தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. ஃபேனின் இன்னொரு வயரும் எர்த்துக்கு. அவ்வளவுதான். சாவி போட்டிருந்து தண்ணீரும் சூடானால் காயில் இழுக்கும், ஃபேன் சுற்றும்.

ஃப்யூஸ் ஃபேனைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அதனால் அது பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபேன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், நடுவழியில் வயர் உரசி பாடியைத் தொட்டதும் அந்த நீளம் முழுக்க எரியும், ஃப்யூஸ் பார்த்துக்கொண்டிருக்கும். எட்டு ஆம்பியர் ஃபேனுக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ். கிளம்பும்போதே போகிறது என்றால் 20. அதற்கும் மேலே ஏற்றாதீர்கள், மோட்டாரைக் கழற்றி புஷ், பிரஷ் பாருங்கள்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். 30, 87, எர்த் மூன்றுக்கும் இதே அளவு. 85க்கும் 86க்கும் மெல்லிய வயர் போதும், காயில் இழுப்பது கால் ஆம்பியர்கூட இல்லை.

ஏப்ரல் 19, மதியம்

"ஒரு சதுர மில்லிமீட்டர் வயரே எட்டு ஆம்பியர் தாங்குமே" என்கிறார் திருப்பூர் நண்பர். எரியாமல் தாங்கும், சரிதான். ஆனால் இங்கே பிரச்சினை அது இல்லை. அந்த வயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குப் போய்த் திரும்பி ஃபேனுக்கு வர நாலு மீட்டர் என்று வைத்தால் எட்டு ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். பழைய இக்னிஷன் சுவிட்ச், துருப்பிடித்த இணைப்புகள் எல்லாம் தங்கள் பங்குக்குத் தின்னும். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் காணாமல் போவது வீட்டு 230இல் ஒரு வோல்ட் போவது மாதிரி இல்லை.

சோதிக்க வழி சுலபம். ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிடிவ்விலும் மறு முனையை ஃபேன் பாசிடிவ்விலும் வையுங்கள். 0.3க்குள் காட்டினால் நல்ல வேலை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ தப்பு. இதையே நெகடிவ் பக்கத்திலும் செய்யுங்கள், யாரும் செய்வதில்லை.

ஏப்ரல் 19, இரவு

இந்த விவாதத்தில் ஒருவர் போட்டிருக்கும் வயரிங் படத்தில் ஃபேன் வயர் 87ஏ என்ற நடுக்காலில் இருக்கிறது. அது அஞ்சு கால் ரிலே. 87ஏ ரிலே இழுக்காதபோது இணைந்திருக்கும் கால். அந்தப் படத்தின்படி செய்தால் வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும்போது ஃபேன் ஜோராக ஓடும், தண்ணீர் கொதித்ததும் மரியாதையாக நின்றுவிடும். நடுக்காலைத் தொடாமல் விடுங்கள், இல்லையென்றால் நாலு கால் ரிலேயே வாங்குங்கள்.

வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். பல இழை உள்ளது என்றால் கரண்ட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த பிவிசி உறை பொதுவாக 70 டிகிரிக்கு உள்ளது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போகவிடாமல், சூட்டில் உறை மொறுமொறுப்பாகிவிடும் இடங்களைத் தவிர்த்து, ஸ்லீவ் போட்டுக் கட்டினால் ஓடும். ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கேட்டால் வண்டி வயரே மீட்டர் கணக்கில் தருவார்கள், ஏன் கஞ்சத்தனம்?

ஏப்ரல் 23

இரண்டு நாள் யோசித்ததில், ரிலேயை விடப் பெரிய கேள்வி ஒன்றை எல்லோரும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. கரண்ட் எங்கிருந்து வருகிறது?

பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் பெல்ட் சுற்றும், கரண்ட் தயாரிக்கும் அந்த ஐட்டம் நீளமான உருளையாக, மூடிய உடம்போடு இருந்தால் டைனமோ. குட்டையாக, குண்டாக, ஓட்டை வழியாக உள்ளே செப்புச் சுருள் தெரிந்தால் ஆல்டர்னேட்டர். பழைய அம்பாசடர் எல்லாம் டைனமோ. பல வண்டிகளில் பின்னாளில் ஆல்டர்னேட்டர் மாற்றியிருப்பார்கள்.

லூகாஸ் சி40 வகை டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போது அதிகபட்சம் கொடுப்பது 22 ஆம்பியர். இரவில் மழையில் கணக்குப் பாருங்கள். ஹெட்லைட், டெயில் லைட் பத்து பக்கம். இக்னிஷன் காயில் மூன்று, நாலு. வைப்பர் இரண்டு, மூன்று. ஃபேன் எட்டு. கூட்டினால் 23இலிருந்து 25. இது நல்ல வேகத்தில். ஐடிலில் டைனமோ கொடுப்பது ஏறக்குறைய சைபர். டைனமோவை பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் விலகிவிடும், சிவப்பு விளக்கு எரியும். ஆக, ஃபேன் தேவைப்படும் அதே நிமிடத்தில், அதாவது சிக்னலில், எல்லா ஆம்பியரும் பேட்டரியிலிருந்து போகிறது. காந்திபுரம் சாயங்கால நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் மறுநாள் காலை செல்ஃப் முனகும்.

அதனால் என் முடிவு இது: டைனமோ வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் போடாதீர்கள். முதலில் ஆல்டர்னேட்டர். நம்மூரில் இதற்குப் பஞ்சமில்லை, 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் வண்டி எலக்ட்ரிகல் சாமான்தான் செய்துகொண்டிருக்கிறது. ஆல்டர்னேட்டர் ஐடிலிலும் ஓரளவு கொடுக்கும், ஃபேனுக்கு அது போதும். மாற்றும்போது பழைய கட்-அவுட் பெட்டியை இணைப்பிலிருந்து விலக்க வேண்டும், சார்ஜிங் வயரையும் தடிமனாக்க வேண்டும். பழைய வயரையே விட்டால் அது சுடும்.

ஏப்ரல் 23, சேர்க்கை

ஈரோட்டுக்காரர் வண்டியில் ஆல்டர்னேட்டர்தான் இருக்கிறதாம். தப்பித்தார்.

ஏப்ரல் 30

"ஃபேன் போட்டதிலிருந்து சோக் கேபிள் சுடுகிறது, பேய் வேலையா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

பேய் இல்லை, எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட் கடத்தாது. பாடிக்கும் இன்ஜினுக்கும் இடையே பின்னல் செப்புப் பட்டை ஒன்று இருக்க வேண்டும். இன்ஜினை இறக்கி ஏற்றிய யாரோ அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். பட்டை இல்லை என்றால் கரண்ட் வேறு உலோகம் தேடும். சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கம்பி, எது கிடைக்கிறதோ அது. இதுவரை செல்ஃப் அடிக்கும் சில நொடிகள் மட்டும் சூடாகியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஃபேன் எர்த்தை இன்ஜினில் கொடுத்திருப்பீர்கள், இப்போது அது ஓயாமல் அதே வழியில் போகிறது. பட்டையை மாட்டுங்கள். மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, லக் போட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். ஃபேன் எர்த்தை நேராக பேட்டரி நெகடிவ்வுக்கே கொண்டுபோனால் இன்னும் உத்தமம்.

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது, இந்த விவாத இழையும் சூடாகிவிட்டது. தெர்மோ சுவிட்ச் எத்தனை டிகிரியில் வாங்குவது என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள்.

இரண்டு விஷயம் பார்த்தால் குழப்பம் தீரும். ஒன்று, தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடியிருக்கும் தெர்மோஸ்டாட் எத்தனையில் திறக்கிறது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் 80இல் ஃபேன் போடும் சுவிட்ச் வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது, ஏனென்றால் தெர்மோஸ்டாட் தண்ணீரை அதற்குக் கீழே இறங்கவிடாது. இன்ஜினிலிருந்து தண்ணீர் வெளியேறும் மேல் பக்கத்தில் சுவிட்ச் வைத்தால் போட 92, 95, நிறுத்த 87 என்பது மாதிரி ஒன்று பொருந்தும். இரண்டு, எங்கே வைக்கிறீர்கள். கீழ் டேங்க்கில் வைத்தால் அங்கே வருவது ஏற்கெனவே ஆறிய தண்ணீர், அதற்குக் குறைந்த டிகிரி சுவிட்ச்தான் சரி. மாருதி சுவிட்சை அப்படியே கொண்டுவந்து அம்பாசடர் கீழ் டேங்க்கில் பற்றவைத்துவிட்டு "ஃபேன் லேட்டா போடுது" என்றால் அது அதன் குற்றமா?

ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் அதன் உடம்புதான் எர்த். மரையில் டெஃப்லான் டேப்பை வஞ்சனையில்லாமல் சுற்றினால் எர்த் அறுந்துபோகலாம். ரப்பர் ஹோஸுக்கு நடுவில் குழாய் சேர்த்து அதில் மாட்டினாலும் அதே கதை, அந்தக் குழாய்க்குத் தனியாக எர்த் வயர் கொடுக்க வேண்டும்.

அப்புறம் இந்த ஊர் வழக்கம்: "நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றி எறிவது. அப்படி எறிந்த வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன் போட்டு, நீண்ட ஓட்டத்தில் இன்ஜின் சூடே ஏறாமல், சோக் இல்லாவிட்டால் இடறிக்கொண்டு, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஃபேனைத் தேவைக்கு மட்டும் ஓடவைக்கத்தானே இவ்வளவு வயரிங்? தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள்.

மே 7

டேஷ்போர்டில் கை சுவிட்சும் வேண்டும் என்பவர்களுக்கு: 85இலிருந்து இன்னொரு வயர் எடுத்து ஒரு சின்ன சுவிட்ச் வழியாக எர்த் செய்யுங்கள். தெர்மோ சுவிட்ச் செத்தாலும் கையால் போட்டுக்கொள்ளலாம். இதற்கு அந்த ரேடியோ கடை சுவிட்ச் தாராளமாகப் போதும். எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் மனக்குறை இருக்காது.

கை சுவிட்ச் வெறும் சௌகரியத்துக்கு இல்லை. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் இறங்கிவிட்டால் தெர்மோ சுவிட்ச் காற்றில் தொங்கும், அதற்கு சூடே தெரியாமல் போகலாம். முள்ளைப் பார்ப்பதை விடாதீர்கள்.

மே 14

பத்மினி கார் வைத்திருக்கும் ஒருவர்: "சிக்னலில் அருமையாக இருக்கிறது. நாற்பதில் போனால் ஏறுகிறது, எண்பதில் இறங்குகிறது." இந்த வருடத்தின் மிக அழகான கோளாறு. ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது, ஆனால் தலைகீழாகச் சுற்றி முன்பக்கம் ஊதுகிறது. நிற்கும்போது எந்தப் பக்கம் ஊதினாலும் கொஞ்சம் ஆறும். நாற்பதில் முன்னிருந்து வரும் காற்றும் ஃபேன் காற்றும் மல்லுக்கட்டுகின்றன. எண்பதில் முன்காற்று ஜெயித்துவிடுகிறது. ஒரு காகிதத்தை கிரில் முன்னால் பிடியுங்கள், ஒட்டினால் சரி, பறந்தால் தப்பு.

மோட்டார் வயர் இரண்டையும் மாற்றிக்கொடுத்தால் திரும்பிச் சுற்றும். ஆனால் இறக்கையின் வளைவு ஒரு திசைக்கு என்றே செய்தது, எதிர்த்திசையில் காற்று குறையும். பின்னாலிருந்து இழுக்கும் ஃபேனாகவே பார்த்து வாங்குங்கள். முன்னால் நின்று தள்ளும் ஃபேன் வழியையும் மறைக்கும்.

பாசிடிவ் எர்த் உள்ள மிகப் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில மோட்டாரில் ஒரு பிரஷ் உடம்போடு இணைந்திருக்கும், ஒற்றை வயர்தான் வெளியே வரும். அதை உங்கள் வண்டியில் மாட்டினால் தலைகீழாகத்தான் சுற்றும். இரண்டு வயரும் உடம்பைத் தொடாமல் வரும் மோட்டார்தான் உங்களுக்கு.

ரேடியேட்டர் ஃபின் வழியாகப் பிளாஸ்டிக் டேக் நுழைத்து ஃபேனைக் கட்டுவதைப் பற்றி ஒரு வரி: கட்டாதீர்கள். அதிர்வில் உரசி உரசிக் குழாய் ஓட்டையாகும். பட்டைத் தகட்டில் நாலு கால் செய்து ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் போடுங்கள்.

மே 21

ஈரோட்டுக்காரர் திரும்ப வந்திருக்கிறார். ஃபேன் ஓடுகிறது, முள் நடுவில் நிற்கிறது, சந்தோஷம். ஆனால் ஃபேன் ஓடும்போது சாவியை அணைத்தால் இன்ஜின் உடனே நிற்காமல் ஓரிரு நொடி ஓடிவிட்டு நிற்கிறதாம். மெக்கானிக் கார்பன் பிடித்திருக்கிறது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறாராம்.

ஹெட்டைத் தொடவிடாதீர்கள் சார்! முதலில் 30க்கு எங்கிருந்து லைன் எடுத்தார்கள் என்று பாருங்கள். பேட்டரிக்குப் பதிலாக இக்னிஷன் லைனிலேயே எடுத்திருப்பார்கள். சாவியை அணைத்ததும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. அது தரும் கரண்ட் ரிலே வழியாகத் திரும்பி இக்னிஷன் லைனுக்கு வந்து, ரிலேயையும் பிடித்து வைத்து, இக்னிஷன் காயிலுக்கும் கொஞ்சம் தீனி போடுகிறது. ஃபேன் வேகம் இறங்கியதும் எல்லாம் அடங்குகிறது. ஃபேன் ஓடாதபோது சாவியை அணைத்துப் பாருங்கள். டக்கென்று நின்றால் இதுதான். ஃபேன் ஓடாதபோதும் உலுக்கி உலுக்கி ஓடினால் மட்டும் கார்பன் பக்கம் போகலாம்.

மே 22

நினைத்தது சரியாகப் போயிற்று. 30ஐ பேட்டரிக்கு மாற்றினார், நின்றது. ஹெட் தப்பியது.

ஜூன் 11

வண்டியோடு வந்த, இன்ஜின் சுற்றும் பழைய பெல்ட் ஃபேனைக் கழற்றலாமா என்பதற்கு இதுவரை நழுவிக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்கிறேன், ஆனால் அரை மனதோடு.

போன வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். மலையில் இரண்டாவது கியர், இன்ஜின் மூவாயிரத்தில் கத்துகிறது, வண்டி இருபத்தைந்தில் ஊர்கிறது. பெல்ட் ஃபேன் அந்த நேரத்தில் முழு வேகத்தில் சுற்றும். எப்போது இன்ஜின் கடினமாக உழைக்கிறதோ அப்போது அதுவும் உழைக்கிறது. அதன் ஊனம் ஐடிலில் மட்டும்தான். எலக்ட்ரிக் ஃபேனுக்கு இன்ஜின் வேகம் எதுவும் தெரியாது, சிக்னலிலும் கொண்டை ஊசியிலும் ஒரே காற்று. சிக்னலுக்கு அது அதிகம், ஐந்து பேரும் டிக்கி நிறைய மூட்டையுமாக மலை ஏறும் வண்டிக்கு மாருதி ஃபேன் ஒன்று குறைவாக இருக்கலாம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் டிகிரியும் இறங்குகிறது. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் 92, 93இலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் பிடித்துவைக்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி திரும்பக் கிடைக்கும். தேய்ந்த மூடியோடு மலை ஏறுகிறவர்கள் ஃபேனைப் பற்றிப் பேசவே கூடாது.

அதனால் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால் பெல்ட் ஃபேனைக் கழற்றுங்கள், சத்தம் குறையும், இன்ஜின் கொஞ்சம் லேசாகும். அடிக்கடி மலை ஏறுகிறவர்கள் அதை விட்டுவைத்து, முன்னால் தள்ளும் ஃபேன் ஒன்றைக் கை சுவிட்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மே 14இல் முன்னால் வேண்டாம் என்றேன், பெல்ட் ஃபேன் இருக்கும்போது பின்னால் இடம் இல்லையே, வேறென்ன செய்வது. என் வண்டியில் கழற்றியாயிற்று, இறக்கை போல்ட்டோடு டிக்கியில் கிடக்கிறது. குன்னூர் போகும்போது மட்டும் அது சத்தம் போட்டு ஞாபகப்படுத்துகிறது.

பெல்ட் ஃபேனைக் கழற்றினாலும் பெல்ட் வாட்டர் பம்ப்பைச் சுற்றுகிறது. "இனி ஸ்பேர் பெல்ட் வேண்டாம்தானே?" என்று கேட்டவருக்கு இதுவே பதில்.

நவம்பர் 26

மழைக்காலத்தில் இந்த இழை தூங்கிவிட்டது, ஒரு சென்னைக்காரர் எழுப்பியிருக்கிறார். தேங்கிய தண்ணீரில் எலக்ட்ரிக் ஃபேன் என்ன ஆகும்?

பெல்ட் ஃபேனை விட இது தேவலை. பெல்ட் ஃபேன் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிப்யூட்டர் மேல் இறைக்கும், வண்டி நடுத்தண்ணீரில் நிற்கும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பெல்ட்டையே கழற்றிவிட்டு இறங்குவார்கள். எலக்ட்ரிக் ஃபேனை நிறுத்த அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் நாம் வைத்த கை சுவிட்ச் ஃபேனைப் போட மட்டும்தான், நிறுத்த முடியாது. தண்ணீர் தேங்கும் ஊர்க்காரர்கள் 86 லைனில் இன்னொரு சின்ன சுவிட்ச் வைத்து, இறங்குமுன் அணைத்து, ஏறியதும் போட்டுக்கொள்ளுங்கள். போட மறந்துவிடுவோம் என்பவர்கள் ஒரு பைலட் லேம்ப்பும் சேருங்கள். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி, பானெட்டுக்குள் உயரமான இடத்தில் மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், மல்லாக்க இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும்.

மழை விட்டதும் ஃபேன் ஓடும்போது அந்த மல்டிமீட்டர் சோதனையை இரண்டு பக்கமும் இன்னொரு தடவை செய்துவிடுங்கள். எண் ஏறியிருந்தால் எர்த் போல்ட்டிலிருந்து தொடங்குங்கள்.